காணாமல் போன காற்று

அலுவலகத்தில் அவளுக்குச் 'சொட்டு' என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். குழாய்க்குள் தண்ணீரும் காற்றும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் பிழைப்பு. குழாயைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எது எவ்வளவு என்று கணக்கிடுவோம். ஓட்டம் முடிந்ததும் நாங்களெல்லாம் கலர் படத்தைப் பார்த்து வாயைப் பிளப்போம். அவள் மட்டும் உள்ளே போனது, வெளியே வந்தது, மிச்சமிருப்பது மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஒரு சொட்டு குறைந்தாலும் விடமாட்டாள். பதினோரு வருடமாக இதே தொல்லை.

அந்த வாரம் ஒரு ஊருக்குக் குடிநீர் ஏற்றும் குழாய். அதன் மேட்டு வளைவுக்கு வந்த காற்றுக் குமிழிகள் படத்தில் சுருங்கிச் சுருங்கி மறைந்தன. 'காற்று கரைந்துவிடுகிறது, அங்கே காற்றை வெளியேற்றும் வால்வு தேவையில்லை' என்று அறிக்கை எழுதினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மற்றவர்களும் போட்டார்கள். அவள் பாக்கி.

"போட முடியாது சார்," என்றாள் மேலாளரிடம். "காத்து கரையுறதுக்கு நம்ம புரோகிராம்ல ஒரு வரிகூடக் கிடையாது. அப்புறம் எப்படிக் கரையும்? குமிழி கட்டத்தைவிடச் சின்னதானா கணக்கு அதை முழுங்கிடுது."

"துளியூண்டு காத்தும்மா. எல்லாரும் போட்டாச்சு, உனக்கு மட்டும் என்ன?"

"துளித்துளியாப் போனது மூணுல ஒரு பங்கு சார். நிஜக் குழாய்ல அது வளைவுல போய் அடைச்சுக்கும். ஊருக்குத் தண்ணி ஏறாது."

"அப்ப வேற வேலை தேடிக்க."

அவள் கணவருக்கு வேலை போய் நாலு மாதம். அது தெரிந்தேதான் சொன்னார். நான் கலர் படத்தைப் பார்ப்பதுபோல் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் தாளை இழுத்து, எங்கள் கையெழுத்துகளுக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'மூன்றில் ஒரு பங்கு காற்றைக் காணவில்லை. வால்வு வேண்டும்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

"போடச் சொன்னீங்க, போட்டாச்சு," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

மேலாளர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். புதிய தாளில் எல்லோரும் மறுபடி கையெழுத்திட வேண்டும். முதலில் என்னிடம்தான் நீட்டினார்.

"என்னய்யா, பேனா இல்லையா?"

"இருக்கு சார்," என்றேன். எடுக்கவில்லை.