எதிர்வீட்டு போன் நம்பர்

நாலு சண்டைப் படங்களில் ஹீரோவாக நடித்த மூலக்குளம் சக்கரபாணிக்கு ஐந்தாவது படம் வரவேயில்லை. எட்டு வருஷமாக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். 2006இல் ஒருநாள் கடற்கரையில் ஷூட்டிங். சவாரி இறக்க வந்த அவரைப் பார்த்ததும் பழைய டைரக்டரின் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவி விழுந்தது.

“யோவ், நீ செத்துட்டேன்னு சொன்னாங்களேய்யா! மூணு படத்துக்குக் கூப்பிட்டேன்!”

சக்கரபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடித்துக்கொண்டிருந்த காலத்தில் சினிமாக்காரர்களிடம் அவர் கொடுத்திருந்தது எதிர்வீட்டு போன் நம்பர். போன் வந்தால் ஓடிப்போய் எடுப்பது மனைவி செல்வாம்பாள்தான். ஆட்டோவை வீட்டுக்கு விரட்டினார்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றாள் அவள். “ஷூட்டிங்ல மாடியிலேர்ந்து குதிச்சு மூணு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, இருக்காரா செத்தாரான்னு ஒருத்தன் கேட்டானா? அவனுங்க கேக்காத கேள்விக்கு நானே பதில் சொல்லிட்டேன்.”