ஈரக் குழியில் ஜாயிண்ட் போட மாட்டோம்: ஒயிட்ஃபீல்டுக்கு ஒரு வேலைப் பயணம்

பெங்களூரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்காக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் வேலைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் கேபிள் ஜாயிண்டர். தரைக்கடியில் ஓடும் உயர் மின்னழுத்தக் கேபிள்களை முனையோடு முனை சேர்ப்பது என் தொழில். ஒயிட்ஃபீல்டு பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு டேட்டா சென்டருக்கு 33 கே.வி. லைன் கொடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போன மழைக்காலத்தில் காட்பாடியிலிருந்து கிளம்பினேன்.

ரயிலில் வருகிறவர்கள் கண்டோன்மென்ட் வரை போக வேண்டாம். கே.ஆர். புரத்தில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. கடைசி நிலையத்திலிருந்து சைட் நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு, நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார்.

"எந்த ஆபீஸ் மேடம்?"

"ஆபீஸ் இல்லண்ணா. கேபிள் குழி."

கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.

என்னோடு வேலை செய்யும் ஜோசப் அண்ணன் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுதான். "கீழ பாரு செல்வி" என்றார். குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே போட்டிருந்த கூடாரம் கிழிந்து தொங்கியது. தூறல் நிற்கவில்லை.

கேபிளின் உறையை உரித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. அப்போது உள்ளே ஈரம் போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, லைன் ஓடும். என்றைக்கோ ஒருநாள் வெடிக்கும். வேறோர் ஊரில் அப்படி வெடித்தபோது பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனின் முகம் வெந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சைட் மேனேஜர் ஓசூர்க்காரர். அவருக்கும் இது தெரியும்.

"சாயந்திரம் கிளையண்ட் வர்றாங்க. தார்ப்பாய் கட்டித் தர்றேன், முடிச்சுடுங்க."

"தண்ணிய இறைங்க, நல்ல டெண்ட் போடுங்க. குழி காஞ்சதும் பண்றோம்" என்றேன்.

"முடியாதுன்னா கெளம்புங்க. வேற டீம் வருது."

"வரட்டும் சார். அவங்க கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவோம்" என்றார் ஜோசப் அண்ணன்.

நாங்கள் கேபிள் உருளை மேல் உட்கார்ந்துகொண்டோம். மேனேஜர் இரண்டு முறை செக்யூரிட்டியை அனுப்பினார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. நான் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மதியம் துமகூரிலிருந்து மஞ்சுநாத் என்ற ஜாயிண்டர் தன் கூட்டாளியோடு வந்தார். அவருக்கும் கையில் வேலை இல்லாத நேரம் என்று பிறகுதான் தெரிந்தது. குழியை எட்டிப் பார்த்தார். ஜோசப் அண்ணன் கன்னடத்தில் நடந்ததைச் சொன்னார். மஞ்சுநாத் தன் டூல்ஸ் பெட்டியை எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: "நாவூ மாடல்ல சார்." நாங்களும் செய்ய மாட்டோம்.

மேனேஜர் போனை எடுத்து, கிளையண்டை வேறு நாள் வரச் சொன்னார்.

மறுநாள் பம்ப் வந்தது, புதுக் கூடாரம் வந்தது, குழியை உலர்த்த ஹீட்டரும் வந்தது. நாலு பேரும் சேர்ந்தே ஜாயிண்ட் போட்டோம். டெஸ்ட்டில் சுத்தமாகத் தேறியது. கிளம்பும்போது மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காண்டிராக்டர் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவும் இல்லை. மஞ்சுநாத் கூப்பிட்டார், இப்போது நாங்கள் நாலு பேரும் ஒரே டீம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் மாற்றுத் துணியும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். சைட் பக்கம் மதியச் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிடும். குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் நீங்களே எட்டிப் பாருங்கள். சரியில்லை என்றால் இறங்காதீர்கள். வேறு ஆள் வருவான் என்று மிரட்டுவார்கள். வரட்டும். அவனுக்கும் உட்கார இடம் விட்டு உட்காருங்கள்.