ப்ரொப்பெல்லர் கேட்ட ஹோட்டல்காரர்

1. எடை கேட்டார்கள்

"அண்ணை, ஹோட்டல்காரர் கப்பலின்ர எடையைக் கேக்கினம். குடுக்கலாமோ?"

ஜோசபின் போனில் இப்படிக் கேட்டபோது லண்டன் மோர்டனில் என் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அறை எத்தினை எண்டு கேட்டவையோ?"

"இல்லை."

"தண்ணி, கரண்ட்?"

"அதுவும் கேக்கேல்லை."

"அப்ப இப்போதைக்குக் குடுக்காதையும். ஆளை நான் நேரில பாக்க வேணும்."

நான் ஸ்டீம் டர்பைன் கப்பல்களில் எஞ்சினியராக இருந்து, பிறகு லண்டனில் கப்பல்களைப் பரிசோதிக்கும் சர்வேயராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். சர்வேயருக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது. புதுப் பெயிண்டைக் கண்டால் சுரண்டிப் பார்ப்பேன். சிரித்த முகத்தைக் கண்டாலும் கை துருதுருக்கும். என் மனைவி இதைத் தொழில் என்று ஒப்புக்கொள்வதில்லை, பிறவிக்குணம் என்பாள்.

சாமான், எண்ணெய், ஆட்கள் ஒன்றும் இல்லாத வெறுங்கப்பலின் எடையை நாங்கள் லைட் வெயிட் என்போம். பழைய கப்பல் உடைக்கப் போகும்போது அந்த எடைக்குத்தான் விலை. ஆட்டை வளர்க்க வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான். கசாப்புக்காரன் தூக்கிப் பார்ப்பான். ஆனால் கப்பலை இழுத்துப் போகிற டக் படகுக்காரர்களும் எடையைக் கேட்பதுண்டு. ஒரு கேள்வியை வைத்து ஒருவரைக் கள்வன் என்று சொல்லிவிட முடியாது.

2. வேகம் தின்ற கப்பல்

கப்பலின் பெயரை எழுதமாட்டேன், விவகாரம் இன்னும் முடியவில்லை. லண்டனின் கிழக்குப் பக்கம் ஒரு பழைய துறையில் கட்டிக் கிடக்கிறது. ஜோசபின் மன்னார்க்காரர். சிறுபிள்ளையாகத் தாயோடு கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது இந்தக் கப்பலில்தான். இன்று கப்பல் சொந்தமாக இருக்கும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். துறைக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஹோட்டலாக்கக் கேட்டு வந்த கம்பெனிக்கு விற்பதா இல்லையா என்ற முடிவை மற்ற உறுப்பினர்கள் அவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இது ஒரு லைனர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் லைனரையும் குரூஸ் கப்பலையும் ஒன்றென நினைக்கிறார்கள். குரூஸ் கப்பல் ஊர் சுற்றும். லைனருக்கு உத்தியோகம் உண்டு. காற்றோ மழையோ, தபாலையும் ஆட்களையும் சொன்ன நாளில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த நீண்ட ஒடுங்கிய மூக்கு, ஆழமான அடிப்பாகம், தடித்த இரும்புத் தகடு. பாய்லரின் ஆவி டர்பைனைச் சுழற்றும். டர்பைன் சுழலும் வேகத்தை ப்ரொப்பெல்லர் தாங்காது என்பதால் இடையில் கியர் வைத்துக் குறைப்பார்கள். முழு வேகத்தில் அந்த கியர் போடும் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் மறக்கமாட்டான். குடிக்கும் எண்ணெயையும் மறக்கமாட்டான். விமானம் வந்ததும் அந்த வேகம் யாருக்கும் தேவைப்படவில்லை. மிஞ்சியது இரும்பு, வெண்கலம், எங்களைப் போன்ற சில பைத்தியங்கள்.

3. இரண்டு கெட்ட செய்திகள்

சனிக்கிழமை ஹோட்டல்காரர் தரப்பில் குணா வந்தார். மலேசியத் தமிழர். இங்கே படிக்க வந்து, கட்டடம் வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் வேலையாகித் தங்கிவிட்டவர். காலில் பளபளவென்ற சப்பாத்து. எஞ்சின் ரூமுக்கு இந்தச் சப்பாத்தோடு வருகிறவனை நான் நம்புவதில்லை.

"சார், சூடான ஊர்ல துறைமுகத்திலேயே கட்டிப்போட்டு ஹோட்டலா நடத்துவோம். பழைய டைனிங் ஹால்ல கல்யாணம் வைக்கலாம்" என்றார். நன்றாகப் பேசினார். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

டைனிங் ஹாலில் வைத்தே வேலையைத் தொடங்கினேன்.

"தம்பி, ஒரு கெட்ட செய்தி. கழிவுப் பைப் எல்லாம் உக்கிப் போச்சு. ஒரு டொய்லெட்டும் வேலை செய்யாது."

குணாவின் முகம் வாடியது. தள்ளிப்போய் முதலாளிக்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது அவருக்கே ஆச்சரியம்.

"பாஸ் பிரச்சினை இல்லைலான்னு சொல்லிட்டார் சார்."

டொய்லெட் இல்லாத ஹோட்டல்! நான் இரண்டாவதை எடுத்துவிட்டேன்.

"இன்னொண்டு. ப்ரொப்பெல்லர் ஒண்டும் இல்லை. முந்தியே கழட்டி வித்துப்போட்டினம்."

இது பச்சைப் பொய். நல்ல வெண்கல ப்ரொப்பெல்லர்கள் தண்ணீருக்கடியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஜோசபினுக்கும் அது தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணா சிரித்தார். "அதனால என்ன சார்? ஹோட்டல் எங்கேயும் ஓடப்போறதில்லையே."

அந்தச் சிரிப்பில்தான் என் கணக்கு முதல்தடவையாக இடறியது. விஷயம் தெரிந்தவன் அப்படிச் சிரிக்கமாட்டான்.

சும்மா சொல்லிவைப்போம் என்று இதையும் முதலாளியிடம் போனில் சொன்னார். காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. முதலாளி போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

"வெண்கலம் இல்லையா? யார் வித்தது? முதல்லயே ஏன் கேட்கல? அது இல்லாம அந்த இரும்பை வச்சு நான் என்ன செய்யுறது?"

குணா போனை மெல்லச் சட்டைப்பையில் போட்டார்.

"சார், கட்டிப்போடுற கப்பலுக்கு ப்ரொப்பெல்லர் எதுக்கு?"

"உருக்க."

தூசி படிந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் மேனேஜர்னு சொன்னாங்க சார். அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன்."

கள்ளனைப் பிடிக்கப் போன எனக்கு ஏமாந்தவர்தான் அகப்பட்டார். பாவமாக இருந்தது.

4. கயிறு

ஜோசபின் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. என் மூளையைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மேல் தளத்தில் நின்று, கப்பலைக் கட்டியிருந்த கயிறுகளைப் பார்த்தபடி கேட்டார்.

"உடைக்கிறவன் எண்டு கண்டுபிடிச்சிட்டியள் அண்ணை. துறைக்காரன் வெளிக்கிடச் சொல்றான். இனி இதை நான் எங்க கொண்டுபோய்க் கட்டுறது?"

இவ்வளவு காலத் தொழிலில் எத்தனையோ பொய்களைப் பிடித்திருக்கிறேன். ஒரு கப்பலுக்கு ஒதுங்க இடம் தேடிக் கொடுத்ததில்லை. அது என் வேலை இல்லை என்றே இருந்துவிட்டேன். அன்று அது எனக்குச் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை உள்ளூர் கவுன்சிலில் யாரைப் பிடித்து வேறு துறை கேட்கலாம் என்று கப்பலில் நானும் ஜோசபினும் பேசிக்கொண்டிருந்தபோது குணா ஏறி வந்தார். காலில் பழைய பூட்ஸ். அந்த வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். நம்புவதா என்று யோசித்தேன். ஜோசபின் யோசிக்கவில்லை, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"சார், அந்தப் பைப் உண்மையிலேயே உக்கிப் போச்சா? இல்ல, அதுவும் பொய்யா?"

"அது உண்மை தம்பி."

"அப்ப அதை முதல்ல பார்ப்போம். கவுன்சில்காரங்க கப்பல்ல என்ன வேலை இருக்குன்னு கேட்டா சொல்லணும்ல?"

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சந்தேகப்படுங்கள், அது கப்பலைக் கள்வனிடமிருந்து காக்கும். ஆனால் கரையில் கட்டிவைக்கக் கயிறு வேண்டும், கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆளையும் விரட்டிவிடாதீர்கள்.

டோர்ச்சைக் குணாவிடம் கொடுத்து முன்னால் போகச் சொன்னேன். பழக்கதோஷத்தில் நான் பின்னால் நடந்தேன். இரண்டு தளம் இறங்கியதும் குணா நின்று, வெளிச்சத்தைச் சுற்றியடித்துக் கேட்டார்.

"சார், இங்க ஒரே நேரத்தில எத்தனை பேர் குளிக்கலாம்?"

எடையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.