நடுப்பக்கம்

மகளின் பள்ளிக்கூட வேலைக்காகப் பசைப் போத்தலைத் திறந்தேன். அந்த மணத்துக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புலம்பெயர்ந்து வந்து முதலில் இருந்த கோல்ஃபீல்டில் எங்கள் பக்கத்து வீட்டுக் கராஜ், அதற்குள் தன் யூத சஞ்சிகையைத் தொடங்கி நடத்திய ஹன்னா அன்ரி, கதிரை இருந்தும் உட்காராமல் கத்தரிக்கோலோடு அங்குமிங்கும் நடந்தே பக்கங்களை ஒட்டும் அவரின் சப்பாத்துச் சத்தம், ஆறிப்போன தேத்தண்ணி, அவர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை பொழுதுபடமுன் எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டுமென்ற அந்தரம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

நடுப்பக்கம் முழுக்க, உலகப் போரில் தொலைந்த உறவுகளை இன்னமும் தேடுகிறவர்களின் அறிவித்தல்கள்தான். ஒருநாள் அம்மா, ஊரில் காணாமற்போன தன் தம்பியின் படத்தைக் கொண்டுபோனார்.

"உங்கட ஆக்கள் இவரைக் கண்டிருக்கமாட்டினம். எண்டாலும் போடுவீங்களோ?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டார்.

அன்ரி படத்தை வாங்கி, நின்றபடியே ஒட்டினார். "இதை இதழிலயிருந்து எப்ப எடுக்கிறதெண்டு நீதான் சொல்லவேணும்" என்றார்.

சஞ்சிகை நின்றுபோகும்வரை மாமா இதழ்தோறும் வந்தார். அன்ரி காலமாகிவிட்டார். கராஜ் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி.

எடுக்கச் சொல்லி அம்மா இன்றுவரை சொல்லவில்லை.