அம்மப்பாவின் கராஜ்

யானை பார்க்கப் போவதென்று மாமா முடிவெடுத்தபோது அப்பா சிரித்தார். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டை ஒட்டித்தான் எங்கள் வயல். கதிர் முற்றும் காலத்தில் அப்பாவுக்கு வெடி கொளுத்தி யானை கலைப்பதே வேலை. "நாங்கள் கலைக்கிறதை நீங்கள் ரிக்கற் எடுத்துப் போய்ப் பாக்கப் போறியளோ?" என்று கேட்டுவிட்டு, தான் காவலுக்கு நிற்பதாகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் போகவிருந்த வில்பத்துப் பூங்காவின் யானைகள் எங்கள் ஊர் யானைகளைவிடப் பழக்கவழக்கம் தெரிந்தவை என்று நான் நம்பியிருந்தேன்.

பயணத்தின் உண்மையான காரணம் யானை அல்ல. அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கு மாமா ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். வவுனியாவில் கணக்குப் படிப்பிக்கும் மாஸ்டர். அதற்கு முன் இரண்டு இடத்தார் பெண் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா சுட்ட பயற்றம் பணியாரத்தைச் சாப்பிட்டார்கள், போகிற வழியில் ஊரில் நாலு பேரிடம் விசாரித்தார்கள், பிறகு வரவேயில்லை. பணியாரத்தில்தான் ஏதோ பிழை என்று நான் நினைத்தேன். இந்த முறை மாமா ஒரு தந்திரம் செய்தார். வீடும் வேண்டாம், பணியாரமும் வேண்டாம், அயலும் வேண்டாம். எல்லாரும் ஒரே ஜீப்பில் ஏறிக் காடு பார்க்கப் போவோம், அவர்கள் இரண்டு பேரும் அங்கே கதைக்கட்டும் என்றார்.

சின்னம்மா அதிகம் கதைக்காதவர். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, கையில் ஒரேயொரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். அதற்கு முன் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தார் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். காலையில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். பின்னேரம் தையல் மெசினுக்கு முன்னால் இருப்பார். பேருந்தில்கூட ஜன்னலோரம் இருக்க மாட்டார்.

ஜீப் மாமாவின் கூட்டாளியுடையது. சின்னம்மாவைவிட அதற்கு வயது கூட. மாமா ஓட்டினார். பூங்கா வாசலில் ஏற்றிக்கொண்ட வழிகாட்டி, காக்கிச் சட்டையோடு முன்னுக்கு இருந்தார். பின்னால் ஒரு பக்கம் மாஸ்டரும் அவருடைய அக்காவும். எதிர்ப்பக்கம் அம்மாவும் சின்னம்மாவும், நடுவில் நான். காக்கிச் சட்டை ஏறிய நேரத்திலிருந்து சின்னம்மா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். மாஸ்டரும் வெளியேதான் பார்த்தார், மற்றப் பக்கமாக. மாமாவின் தந்திரம் அந்த அளவில்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

மான் கண்டோம், மயில் கண்டோம். கரடி படுத்திருந்த இடம் என்று வழிகாட்டி காட்டிய வெறும் நிலம் ஒன்றையும் கண்டோம். நாலு மணிக்கு மேல், ஒரு குளத்தைச் சுற்றி வந்து மரங்களுக்குள் நுழைந்தபோது ஜீப் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

மாமா திறப்பைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, பிடிக்கவில்லை. ஒவ்வொரு தரமும் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. இறங்கிப்போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். திறந்த பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சாமி கும்பிட வந்தவர்போல உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். வழிகாட்டியின் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. "ஆறு மணிக்கு வாசல் பூட்டும்" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "மத்த ஆள் இறங்க வேணாம்."

அந்த நேரத்தில்தான் யானை வந்தது. தனி ஆண் யானை. எங்கள் வயலில் யானை என்பது தூரத்தில் அசையும் ஒரு கறுப்பு. இது பகல் வெளிச்சத்தில், கண் பீளையோடும் கிழிந்த காதோடும் பாதையின் நடுவே நின்றது. ஒரு கொப்பை முறித்துத் தின்றது. பிறகு எங்கள் பக்கமாக நாலு அடி வைத்தது. மாமா ஓடிவந்து ஏறி மறுபடி திறப்பைத் திருப்பினார்.

"டீசல் வரேல்லை" என்று சின்னம்மா சொன்னார். யாருக்கும் சொன்னதல்ல, வாய்க்குள் சொன்னது. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. என் மடிக்கு மேலாகக் கையை நீட்டிச் சின்னம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ இரு" என்றார், உதடு அசையாமல்.

சின்னம்மா இருந்தார். யானை இன்னும் நாலு அடி வைத்தது. மாஸ்டரின் அக்கா பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கினார். நான் அழுதேன். சின்னம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார், சேலையை இடுப்பில் செருகினார், இறங்கினார்.

"அண்ணை, இனிமேல் ஸ்ராட் அடியாதேங்கோ. பற்றறி செத்துப்போம்."

அவருடைய குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூடிக்குள் குனிந்து, ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் மூக்கை வைத்தார். "பைப் வெடிச்சிருக்கு, காத்து இழுக்குது. கத்தி இருக்கே?" மாம்பழம் வெட்டக் கொண்டுவந்த கத்தியை மாஸ்டரின் அக்கா நீட்டினார். வழிகாட்டி ஒரு தடியோடு இறங்கி, யானைக்கும் ஜீப்புக்கும் நடுவில் போய் நின்றார். சின்னம்மா குழாயின் வெடித்த நுனியை வெட்டி எறிந்தார்.

"ஆராவது ஒராள் வந்து இதைப் பிடியுங்கோ."

மாஸ்டர் இறங்கினார். வெள்ளைச் சேட்டுக் கையை மடித்துவிடக்கூட இல்லை, அப்படியே பிடித்தார். சின்னம்மா அது யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. "இறுக்கிப் பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் விடாதேங்கோ" என்றார். அவருடன் சின்னம்மா கதைத்த முதல் கதை அதுதான்.

குழாயை மறுபடி பொருத்திக் கம்பியால் இறுக்கினார். ஒரு திருகாணியைத் தளர்த்தி, பக்கத்திலிருந்த சின்னப் பம்பைக் கட்டைவிரலால் அமுக்கினார். டீசல் நுரைத்து வழிந்தது. நுரை அடங்கும்வரை அமுக்கினார், ஆணியைத் திருகினார். "இப்ப அடியுங்கோ, அண்ணை. ஒருக்கா மட்டும்."

எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் யானைக்குப் பிடிக்கவில்லைப்போலும். காதை ஒருமுறை வீசிவிட்டு, அவசரப்படாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

எல்லாரும் ஏறிக்கொண்டோம். வழிகாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. சின்னம்மாவின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நங்கி, இது எங்க படிச்சது?" என்று கேட்டார். சிங்களத்தில் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. சின்னம்மா கைகளைச் சேலைக்குள் ஒளித்தார்.

"அவவின்ர அப்பா கராஜ் வைச்சிருந்தவர்" என்றார் மாஸ்டர். வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "சின்னனிலயே பழகினவா."

"ஆ, கராஜ்" என்று தலையாட்டிவிட்டு வழிகாட்டி முன்னுக்குத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மாவின் அப்பாவான அம்மப்பாவுக்கு இருந்தது வயலும் இரண்டு மாடும் ஒரு பழைய சைக்கிளும்தான். அந்தச் சைக்கிளுக்குச் செயின் கழன்றால்கூடக் கடைக்கு உருட்டிக்கொண்டு போகிறவர் அவர். கராஜும் இல்லை ஒன்றும் இல்லை, சின்னம்மா கொழும்பில் படித்தவா என்று திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். மாஸ்டரின் அக்கா தன் கைப்பையிலிருந்து மடிப்புக் கலையாத கைலேஞ்சி ஒன்றை எடுத்து நீட்டி, "துடையுங்கோ, தங்கச்சி" என்றார்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. சண்டைக் காலத்தில், வெளிச்சம் வைக்க முடியாத காடுகளுக்குள் சின்னம்மா இயக்கத்தின் லொறிகளும் அம்புலன்சுகளும் திருத்தினார் என்பதை நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் ஊரில் எதை விசாரித்தார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மாஸ்டர் எதையும் விசாரிக்கவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் அவர் எங்கள் அம்மப்பாவுக்கு ஒரு கராஜ் கட்டிக் கொடுத்தார்.

இதெல்லாம் இன்றைக்கு. அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே கவலை. வழிகாட்டி வாசலில் இறங்கிப் போனதும், ஜீப் தார் றோட்டில் ஏறிய பிறகு, சின்னம்மாவின் காதில் வாயை வைத்தேன்.

"சின்னம்மா, இந்த மாஸ்டர் பொய் சொல்லுறார். இவரைக் கட்டாதேங்கோ."

சின்னம்மா என்னைப் பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார். அங்கே மாஸ்டர் வெள்ளைச் சேட்டெல்லாம் டீசலோடு, வெளியே வயல் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா சேலைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின. நல்ல மாப்பிள்ளை ஒன்று கைநழுவிப் போன துக்கம் என்று எனக்குத் தெரிந்தது. "அழாதேங்கோ, மாமா வேறை ஆள் பாப்பார்" என்று சொல்லிச் சொல்லி, வவுனியா வரும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.