பதினெட்டு ஆனவர்களுக்குத் துணை கிடையாது

தெத்தாவுக்குத் துணி தேய்க்கிற வேலை. புறநகர்ப் பகுதியான பெரிபெரியில் ரயிலேறி நகரத்துக்குப் போய், ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் நாள் முழுக்கத் தேய்ப்பாள். வீட்டுக்காரன் வேலை தேடி சாவ் பாவ்லோ போனவன் அங்கேயே தங்கிவிட்டான். தெத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இருந்த ஒரே கவலை மகள் ஜுசிமாரா. மாரா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

மாராவுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். சிக்கின இடத்தில் எலும்பை உள்ளிருந்து முறுக்குகிற மாதிரி வலி வரும். பிரேசிலில், எங்கள் பாயியா மாநிலத்தில், கறுப்புக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. தெருவில் யாரைக் கேட்டாலும் இந்த நோய் உள்ள ஒரு பிள்ளையைத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் எங்கள் பக்கத்து அம்மாக்களிடம் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல் வாசல் தாண்ட மாட்டார்கள். தேய்த்த உடுப்பு, வாரின தலை, காதில் கம்மல், கழுத்தில் லாவெண்டர் வாசனைத் தண்ணீர். "அழுக்காப் போய் நின்னா நம்மள மனுஷங்களாவே பாக்க மாட்டாங்க" என்பாள் தெத்தா. சொன்னதில் பொய்யில்லை. வலியில் சுருண்டு கிடக்கிற பிள்ளையைக்கூட வெந்நீரில் குளிப்பாட்டி, உடுப்பைத் தேய்த்துப் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் லிண்டௌரா டாக்டருக்கு இதெல்லாம் தெரியும். மாரா கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பார்த்தவர். இந்தப் பிள்ளை அழாது. வலி ஏற ஏற அதற்கு மரியாதைதான் கூடும். "ரொம்ப நன்றிங்க டாக்டரம்மா" என்று வாய் திறந்துவிட்டால் டாக்டர் உடனே ஊசி மருந்தை எடுத்து வரச் சொல்லிவிடுவார். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் மாரா அம்மா முகத்தைப் பார்ப்பாள். தெத்தா, "ஒம்போது" என்பாள். எந்த இடத்தில், எப்போதிலிருந்து, காய்ச்சல் உண்டா என்பதையும் அவளே சொல்லி முடிப்பாள்.

பதினெட்டு முடிந்ததும் ஒருநாள் டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார்.

"மாரா, இனிமே பெரியவங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அங்க உனக்காக நீதான் பேசணும்."

"அவ எங்க பேசப்போறா டாக்டரம்மா? கடையில கோழி வாங்கப் போனாக்கூட விரலத்தான் நீட்டுவா. நான் பேசிக்கிறேன்" என்று தெத்தா சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுதான் தெத்தா, எனக்குப் பயம்" என்றார்.

பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையைத் தனியாகப் பேசப் பழக்கியிருக்க வேண்டும். யாரும் அதைச் செய்யவில்லை. நர்ஸுகள் கேக் வெட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், வழியனுப்பினார்கள்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. சான் ஜோவான் திருநாளுக்குத் தெருவெல்லாம் வண்ணக் காகிதம் கட்டி, வாசலில் தீ மூட்ட விறகு அடுக்கியிருந்தார்கள். மாரா நனைந்து வீடு வந்தாள். மறுநாள் விடியும்போது தொடையும் முதுகும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. தெத்தா வெந்நீர் வைத்தாள். குளிப்பாட்டினாள். மஞ்சள் பூப்போட்ட உடுப்பைத் தேய்த்துப் போட்டாள். கம்மலை மாட்டி, உதட்டில் கொஞ்சம் சாயமும் தடவினாள். பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போகிறார்கள் அல்லவா?

வாசலில் ஆட்களைத் தரம் பிரிக்கிற நர்ஸ் மாராவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா, சான் ஜோவான் ஆட்டத்துக்குப் போற வழியில எறங்கிட்டியா?"

"இல்லீங்க. கொஞ்சம் வலிக்குது. மன்னிச்சுக்குங்க" என்றாள் மாரா.

நர்ஸ் அவள் மணிக்கட்டில் பச்சைப் பட்டையைக் கட்டினாள். பச்சை என்றால் காத்திருக்கலாம் என்று அர்த்தம்.

"பச்சையா? ஏங்க, இவளுக்கு ஒம்போதுங்க..." தெத்தா உள்ளே நுழையப் பார்த்தாள். காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"வயசு?"

"பதினெட்டு."

"பதினெட்டு ஆனவங்களுக்குத் துணை கிடையாதும்மா. உள்ள நிக்கவே எடமில்ல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நில்லு."

நெடுநேரம் கழித்து ஓர் இளம் டாக்டர் மாராவைக் கூப்பிட்டான். தெத்தா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவன் ஏதோ கேட்டான். மாரா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். தெத்தா ஒன்பது விரலைக் காட்டினாள். டாக்டரும் திரும்பிப் பார்த்தான். அம்மா விரல் காட்ட, மகள் ஒப்பிக்கிறாள். அவனுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். முகம் இறுகிப் போயிற்று.

மாரா ஒரு மாத்திரையோடு வெளியே வந்தாள்.

"ஊசி போடலையா?"

"போதைக்காக ஊசி கேட்டு வர்றவங்க இங்க நெறையப் பேராம். இதப் போட்டுட்டு உக்காரச் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நன்றின்னு சொன்னேன்."

தெத்தா மகளைச் சுவரோரம் இழுத்துப் போனாள். கம்மலைக் கழற்றினாள். தன் சட்டை நுனியாலேயே உதட்டுச் சாயத்தை அழுத்தித் துடைத்தாள். தான் வாரிவிட்ட தலையைத் தானே கலைத்தாள்.

"கத்துடி."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். தரையில விழுந்து கத்து. அந்தா, கைய அறுத்துக்கிட்டு வந்தவன் எப்படிக் கத்துறான் பாரு. அவன உள்ள விட்டாங்கல்ல?"

மாரா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அழாமல் இருந்தால் நல்ல பிள்ளை என்று பதினெட்டு வருஷம் சொல்லி வளர்த்தாகிவிட்டது. அதை ஒரு காலையில் எப்படி மாற்றுவது?

பொறுக்காமல் தெத்தாவே கத்தினாள். கூடம் முழுக்கத் திரும்பியது. காவலாளி ஓடி வந்தான்.

"வலி யாருக்கும்மா, ஒனக்கா அவளுக்கா? இன்னொரு தடவ கத்துன, தெருவுல நிப்ப."

தெத்தா வாயை மூடிக்கொண்டாள். தெருவுக்குப் போய்விட்டால் கண்ணாடியும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் மாராவின் மூச்சு சின்னதாகிவிட்டது. மார்பில் கத்தி குத்துவது போல இருக்கிறது என்றாள். நெற்றி கொதித்தது. இந்த நோயில் மூச்சும் மார்பும் பிடித்துக்கொண்டால் விளையாட்டில்லை. தெத்தாவுக்கு அது தெரியும். ஓடிப் போய் காவலாளியிடம் சொன்னாள். நோயாளியே வந்து சொல்லட்டும் என்றான்.

மாரா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ இரும்மா" என்றாள். ஒவ்வொரு நாற்காலி முதுகாகப் பிடித்துக் கதவு வரை போனாள். உள்ளே நர்ஸின் மேசையைப் பற்றிக்கொண்டு ஏதோ பேசினாள். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் மடிந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள், ஒருவன் சக்கரக் கட்டிலைத் தள்ளி வந்தான். பிறகு உள்ளே இன்னொரு கதவு திறந்து மூடிக்கொண்டது.

"நாளைக்கு மூணு மணிக்கு மேல பாக்கலாம். வீட்டுக்குப் போம்மா" என்றான் காவலாளி.

"குளுர் காத்து படக்கூடாது அவளுக்கு. தண்ணி நெறையக் குடுக்கணும். யார்கிட்டச் சொல்றது?"

"அவளே சொல்லுவா."

"மயக்கமா இருந்தா?"

காவலாளி அடுத்து வந்தவனிடம் வயதைக் கேட்டான்.