தரையில் காது வைத்தவர்

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ரியாதில் வேலை பார்த்த வில்லாவை விட்டு, நம்மூர்க்காரர்கள் வேலை தேடிக் கூடும் பத்தா கடைத்தெருப் பக்கம் நடந்தேன். வில்லாவில் நான் தோட்டக்காரன். வீட்டு டிரைவரும் நானும் நிலவறையில் ஒரே ரூம். அவருக்கு நரைத்த மீசை, அகலமான கைகள்; ராமநாதபுரத்துக்காரர்.

நிலவறை முதலில் முதலாளியின் பிள்ளைகள் விளையாடும் அறை. மண்ணிலிருந்து ரேடான் என்ற வாயு கசிகிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் என்று வீட்டைச் சோதிக்க வந்தவர்கள் சொன்னபோது டிரைவரும் பக்கத்தில் நின்றார். அதை வெளியேற்றத் தரைக்கடியில் குழாயும் விசிறியும் வைக்க ஆகும் செலவைக் கேட்ட முதலாளி, பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிவிட்டு எங்களைக் கீழே இறக்கினார்.

வெள்ளிக்கிழமைதோறும் டிரைவர் தரை விரிசல்களில் வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டு, தரையில் காதை வைத்துப் படுப்பார்.

"என்னண்ணே கேக்குறீங்க?"

"வாசனைதான் கெடையாதாம். சத்தமாச்சும் வருதான்னு பாக்குறேன்."

கிளம்பும்போது அவரையும் கூப்பிட்டேன்.

"வெளிய ரூமுக்கு வாடகை குடுத்தா, மக காலேஜுக்கு என்னத்தடா அனுப்புறது? நீ போ. உன் பங்கு காத்தையும் சேத்து நானே இழுத்துக்கிறேன்" என்று சிரித்தார்.

மறுநாள் காலை கிடைத்த வேலை, புது வில்லா ஒன்றின் நிலவறைக்குத் தரை போடுவது. மேஸ்திரி "யல்லா, யல்லா" என்று விரட்டினார். நான் மூலைகளை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தேன். அங்கே படுக்கப்போவது யாரோ.